எங்கள் சிற்றலையை ராடார்களிடம் கைவிட்டுவிடாதீர்கள்

இலங்கையின் வானொலி அலைக்கற்றையை நிர்வகிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

சிற்றலை (ஷோர்ட் வேவ்) ஒலிபரப்புப் பட்டைகளுக்குள் புகுந்து நிற்கும் தொலைதூர இராணுவ ராடார்களின் இரைச்சலைப் பற்றி நான் அனுப்பிய முறைப்பாட்டுக்கு ஒரு சிறு பதில் கடிதம் வந்தது. இடையூறு நாட்டுக்கு வெளியே இருந்து வருவதாகத் தெரிகிறது, ஆகவே நடவடிக்கை எடுப்பதற்கில்லை என்பது அதன் சாரம். விளக்கம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது பேசிய அலுவலர் மரியாதையாகவே பேசினார். ஆனால் அவர் சொன்னது கடிதத்தைவிட அதிகமாக மனதைச் சுட்டது. "ஐயா, இந்தக் காலத்தில் சிற்றலையை யார் கேட்கிறார்கள்? போனில் கேட்கலாமே" என்றார்.

இந்த இரண்டு பதில்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது பதில், நாடு ஒப்புக்கொண்டிருக்கும் சர்வதேச விதிகளுக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது பதில், மலையகத்தில் ஓர் இரவுகூடத் தங்கிப் பார்க்காத ஒருவர் சொல்லக்கூடியது. தனிக் கடிதத்துக்கு மேலும் ஒரு தனிக் கடிதம் எழுதிக் கோப்புக்குள் போவதைவிட, எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பகலில் மோட்டாரும் ஸ்டார்ட்டரும். மாலையில் தோட்டத்து மக்கள் கொண்டுவரும் வானொலிப் பெட்டிகள். அவற்றை இன்றும் திருத்திக் கொடுக்கிறேன். சிறுவயது முதல் சிற்றலை கேட்பவன். தூரத்து நிலையங்களுக்கு ஒலித்தர அறிக்கை எழுதி, அவர்கள் அதை உறுதிசெய்து அனுப்பிய கியூ.எஸ்.எல். அட்டைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவன். ஓர் இரைச்சல் வீட்டுக்குள் பிறந்ததா, வானத்தின் வழியாக வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. "மின்சாரக் கம்பியாக இருக்கலாமே" என்று உங்கள் அலுவலர் இடையில் ஒரு வார்த்தை போட்டார். அதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

மாலை இருட்டிய பிறகு 31 மீற்றர் பட்டையில், அதாவது 9400 முதல் 9900 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள இடத்தில், தமிழ் ஒலிபரப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வாசிப்பவரின் குரல் தெளிவாக வந்துகொண்டிருக்கும்போதே, தேயிலை சலிக்கும் இயந்திரத்தை அடுத்த அறையில் யாரோ ஓட்டிவிட்டதைப் போன்ற இடைவிடாத கடகடப்பு அந்தக் குரலின் மேல் ஏறி உட்காரும். சில வேளைகளில் சற்று நேரத்தில் விலகும். முள்ளைத் திருப்பிப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி வேறொரு நிலையத்தின் மேல் நிற்கும். சில மாலைகளில் நிகழ்ச்சி முடியும்வரை அசையாது. 41 மீற்றர், 25 மீற்றர், 19 மீற்றர் என்று எந்தப் பட்டையும் இதற்கு விலக்கில்லை. ஒலித்தர அறிக்கையில் இடையூறுக்கென்று ஓர் இலக்கம் உண்டு. இடையூறே இல்லையென்றால் 5, கேட்கவே முடியாவிட்டால் 1. முன்பு நான் 4, 5 என்று எழுதிய நிலையங்களுக்கு இப்போது 2 எழுதுகிறேன், 1 எழுதுகிறேன். நிலையங்களின் வலு குறையவில்லை. மேலே வந்து உட்காருவது கூடிவிட்டது.

இது ஏன் மின்கம்பி இரைச்சல் அல்ல என்று சொல்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தொலைதூர ராடார்களில் பல, தங்கள் மீடிறனை (அதிர்வெண்ணை) ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நொடிக்கு 50 தடவை ஓட்டுபவை. இரண்டு எண்களும் ஒத்துப்போவதால் காதுக்கு மயக்கம் வருவது இயல்பு. ஆனால் கம்பத்தில் பீங்கான் வெடித்துப் பொறி பறந்தால், அது ஒவ்வோர் அரைச் சுற்றிலும் பறக்கும். நொடிக்கு 100 தடவை கேட்கும். அந்த இரைச்சல் ஓரமில்லாமல் பட்டை முழுவதும் பரவிக் கிடக்கும். நான் கேட்பதற்கு ஓரம் இருக்கிறது. பத்து, பதினைந்து கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்கு நின்று, இரண்டு பக்கமும் வெட்டியதுபோல் முடிகிறது. தோட்டம் முழுவதும் மின்சாரம் நின்றுபோன இரவுகளில் எல்.ஈ.டி. விளக்கு, சார்ஜர், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாவற்றின் இரைச்சலும் ஒருசேர அடங்கும்; மெலிந்த நிலையங்கள்கூடத் தலைகாட்டும். அப்போதும் இது மட்டும் நிற்கிறது.

இன்னும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. இந்த இரைச்சல் மங்கி மங்கி எழுகிறது. வானின் மேலடுக்கான அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பும் எந்த அலைக்கும் அந்த ஏற்ற இறக்கம் இருக்கும். பக்கத்துக் கம்பத்தில் பிறக்கும் இரைச்சலுக்கு இருக்காது. இதையும் போதாது என்று வைத்து, உறவுக்காரப் பிள்ளை ஒருவன் நகரத்திலிருந்து வந்தபோது, இணையத்தில் எவரும் திறந்து கேட்கக்கூடிய வெளிநாட்டு வானொலி வாங்கிகளில் அதே நேரத்தில் அதே மீடிறனைப் பார்க்கச் சொன்னேன். ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலும் அதே அகலத்தில், அதே வேகத்தில் அது நின்றுகொண்டிருந்தது. பொகவந்தலாவை மின்கம்பி அவ்வளவு தூரம் போகாது.

எங்கள் பக்கத்தில் சிலர் பிதுருதலாகலை உச்சியில் தெரியும் கோபுரங்களைக் குறைசொல்கிறார்கள். வேறு சிலர் வானிலை ராடாரைச் சொல்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வானிலை ராடார் இயங்குவது ஆயிரக்கணக்கான மெகாஹேர்ட்ஸில். சிற்றலையோ 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. மழையையும் மண்சரிவையும் முன்கூட்டி அறிய எத்தனை வானிலை ராடார் நிறுவினாலும் மலையகத்தான் வரவேற்பான். எங்கள் முறைப்பாடு அவற்றைப் பற்றியதே இல்லை.

முறைப்பாடு, அடிவானத்துக்கு அப்பால் பார்க்கும் இராணுவ ராடார்களைப் பற்றியது. சாதாரண ராடாரின் அலை நேர்கோட்டில் போகிறது. பூமியின் வளைவுக்கு அப்பால் அதற்குக் கண் இல்லை. சிற்றலை அப்படியல்ல. மேலே போய் அயன மண்டலத்தில் பட்டு, வெகுதூரத்தில் இறங்கும். லண்டனும் பீக்கிங்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறைக்குள் கேட்டது அந்த இயற்கையால்தான். அதே இயற்கையைப் பயன்படுத்தி 1000 முதல் 3000 கிலோமீற்றர் வரை, அதற்கு அப்பாலும்கூட, கப்பலையும் விமானத்தையும் தேடும் ராடார்களைப் படைகள் கட்டின. சோவியத் ஒன்றியம் செர்னோபிலுக்கு அருகே நிறுவிய துகா ராடார் 1976 முதல் 1989 வரை நொடிக்கு 10 தடவை தட்டிக்கொண்டே இருந்தது. உலகெங்கும் வானொலி கேட்டவர்கள் அதற்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் சிற்றலை கேட்ட எவருக்கும் அந்தத் தட்டல் மறந்திருக்காது.

அது ஓய்ந்தது. ஆனால் அதன் வாரிசுகள் பெருகிவிட்டன. ஆஸ்திரேலியாவின் ஜின்டலி வலையமைப்பு லோங்ரீச், லாவர்டன், அலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களிலிருந்து வடக்கையும் வடமேற்கையும் பார்க்கிறது. ரஷ்யாவின் கொன்டெய்னர் ராடார் 2019 டிசம்பரில் முழுப் பணிக்கு வந்தது. சைப்பிரஸில் உள்ள பிரித்தானியத் தளத்திலும், சீனாவிலும் இவ்வகை ராடார்கள் இயங்குகின்றன. இந்து சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் நம் தீவுக்குக் கிழக்கு, மேற்கு, வடக்கு என்று எல்லாத் திசையிலிருந்தும் இவற்றின் அலை வந்து சேரக்கூடும்.

என் வானொலிப் பெட்டியில் எந்த மாலையில் எந்த நாட்டு ராடார் நிற்கிறது என்று நான் விரல் நீட்டவில்லை. ஒரு பெட்டியும் ஒரு கம்பியும் வைத்திருப்பவனால் அதைச் சொல்ல முடியாது. திசை காணும் கருவிகளும், பிற நாட்டுக் கண்காணிப்பு நிலையங்களோடு பேசும் அதிகாரமும் உள்ளவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

இந்த அகலத்தின் பொருளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு சிற்றலை நிலையத்துக்குச் சுமார் 10 கிலோஹேர்ட்ஸ் இடம் போதும். 31 மீற்றர் பட்டை முழுவதும் 500 கிலோஹேர்ட்ஸ்தான். ராடார் ஒன்று 10, 20 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் வந்து நின்றால், ஒரு நிலையம் முழுமையாக மூடப்பட்டு அதன் அயல் நிலையமும் அடிபடுகிறது. 160 கிலோஹேர்ட்ஸ் அகலம் பிடிக்கும் ராடார்களும் இருக்கின்றன. அப்படியொன்று இறங்கினால் பட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இனி, "யார் கேட்கிறார்கள்" என்ற கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் மலைகளுக்கிடையில் இருக்கும் பள்ளத்தாக்குகளில் கைத்தொலைபேசிச் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இந்தப் பாறை, அந்த வளைவு, கோயிலுக்கு மேலே உள்ள மேடு. லயன் அறைக்குள் உட்கார்ந்து ஒரு மணிநேர நிகழ்ச்சியை இணையத்தில் தடையில்லாமல் கேட்பது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. முடிந்தாலும் டேட்டாவுக்குக் காசு வேண்டும். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வருகிற ஒருத்தி அந்தக் காசைப் பிள்ளையின் பாடத்துக்கு வைப்பாள், தன் வானொலிக்கு வைக்க மாட்டாள். பண்பலை ஒலிபரப்பு மலைக்கு இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கம் கேட்காது. சிற்றலை மேலிருந்து இறங்குகிறது. மலை அதை மறைப்பதில்லை. இரண்டு பற்றரியும் முற்றத்துக் கொய்யா மரத்துக்கு இழுத்துக் கட்டிய ஒரு கம்பியும் இருந்தால் போதும். மாதாந்தக் கட்டணம் இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை, யார் எதைக் கேட்கிறார் என்று எவரும் குறித்துக்கொள்வதும் இல்லை.

எங்கள் மக்களுக்கு இந்தக் காற்றலை வேறொரு வகையிலும் உறவு. எங்கள் மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மூத்த அக்கா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போய், நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். கடிதம் வந்து சேர வாரக்கணக்காகும். அக்கா அங்கே இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பார். நாங்கள் இங்கே அதையும் கேட்போம், திருச்சி வானொலியையும் கேட்போம். "நீங்கள் கேட்ட அதே பாட்டை நானும் கேட்டேன்" என்று அவர் கடிதத்தில் எழுதுவார். கடலுக்கு இரு பக்கமும் பிரிந்தவர்கள் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தத் தலைமுறையில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பார்வை மங்கிவிட்டது, எழுத்துப் படிக்க முடியாது, தொடுதிரை பழகவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைக் கைப்பழக்கத்தில் திருப்புகிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, ஏதோ கரகரக்கிறது, பார்த்துக் கொடு" என்கிறார்கள். பெட்டியில் கோளாறே இல்லை. அதை அவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது? திருத்துவதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு வரும் ஆத்திரம்தான் இந்த மடலை எழுதவைத்தது.

நிலையங்களே சிற்றலையைக் கைவிட்டுப் போகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1941 மே 3ஆம் திகதி தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு வானொலியிலிருந்து விடைபெற்றது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி 2018இல் சிற்றலையை விட்டது. நம் மண்ணில் இரணவிலவில் இருந்த, அமெரிக்கக் குரல் (வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா) வானொலியின் மறுஒலிபரப்பு நிலையமும் மூடப்பட்டது. ஒரு நிலையம் தன் கணக்கைப் பார்த்துத் தானே போய்வருகிறேன் என்று சொன்னால், வருந்துவதைத் தவிர நேயரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இன்றும் தமிழில் பேச விரும்பி, மின்சாரம் செலவழித்து, நமக்காக ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் நிலையத்தை வேறொருவர் வந்து மூடுவது அத்துமீறல். கேட்போர் குறைந்துவிட்டார்கள் என்பது அத்துமீறலுக்கு அனுமதி ஆகாது. நூறு வீடு இருந்த தெருவில் பத்து வீடு மிஞ்சினாலும் அந்தப் பத்து வீட்டுக்கும் காவல் உண்டு அல்லவா?

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீங்கள் பழைய நேயர் ஒருவரின் ஏக்கமாக ஒதுக்க முடியாது. 2004 டிசம்பர் சுனாமியின்போது தெற்குக் கரையில் தொலைபேசிகள் செத்துக் கிடந்த வேளையில், ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையில் தொடர்பை ஏற்படுத்தியவர்கள், உரிமம் பெற்றுத் தாங்களே அலையில் பேசும் நம் நாட்டு அமெச்சூர் வானொலியாளர்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது பாதை, மின்சாரம், கைத்தொலைபேசி மூன்றும் ஒன்றாகப் போயின. பல தோட்டங்களில் உயிரோடு இருக்கிறோம் என்று வெளியே சொல்லவும் வழி இருக்கவில்லை. அப்படிப்பட்ட இரவில் பக்கத்துக் கோபுரமும் தொலைபேசிக் கம்பியும் இல்லாமலே எங்களை எட்டக்கூடிய ஊடகம் சிற்றலை. ஆழ்கடலுக்குப் போகும் நம் பலநாள் மீன்பிடிப் படகுகளும் கரையோடு பேசுவது சிற்றலை வழியாகத்தான். அவர்களுடைய மீடிறன்களும் ராடார்கள் உலவும் இதே எல்லைக்குள் இருக்கின்றன. ஒரு நேயர் தமிழ்ச் செய்தியைத் தவறவிடுவதோடு இந்த விவகாரம் முடிந்துவிடாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "இடையூறு நாட்டுக்கு வெளியே இருந்து வருகிறது, ஆகவே நடவடிக்கை எடுப்பதற்கில்லை." சிற்றலை இடையூறு நாட்டுக்கு வெளியே இருந்து வருவதே வழமை. அதற்காகவே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இருக்கிறது. இலங்கை அதன் உறுப்பு நாடு. ஒன்றியத்தின் யாப்பில் (அடிப்படைச் சட்டத்தில்) 45ஆம் உறுப்புரை, எந்த நிலையமும் பிற நாட்டு வானொலிச் சேவைக்குத் தீங்கான இடையூறு விளைவிக்காதபடி அமைக்கப்பட்டு இயக்கப்பட வேண்டும் என்கிறது. வானொலி ஒழுங்குவிதிகளின் 15ஆம் உறுப்புரை, தேவையற்ற அலைகளையும் அடையாளமற்ற அலைகளையும் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. இடையூறு ஏற்பட்டால் நாடுகள் எவ்வாறு முறைப்பாடு செய்துகொள்ள வேண்டும் என்ற வழியையும் அதே உறுப்புரை வகுத்துத் தந்திருக்கிறது. முறைப்பாட்டுக்கான படிவம் பின்னிணைப்பு 10இல் அச்சாகியிருக்கிறது.

அந்தப் படிவத்தை நான் நிரப்பி அனுப்ப முடியாது. ஒரு நேயர் சங்கமும் அனுப்ப முடியாது. நாட்டின் நிர்வாகம் என்ற முறையில் நீங்கள்தான் அனுப்ப முடியும். சர்வதேச மேசையில் எங்களுக்கு நாற்காலி இல்லை. எங்களுக்காக அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். நீங்கள் பேசாவிட்டால், இலங்கையில் இடையூறே இல்லை என்றுதான் அந்த மேசையில் பொருள்படும். இடையூறு செய்பவருக்கும் அதுவே வசதி.

இராணுவ நிலையங்களுக்கு ஒன்றிய யாப்பின் 48ஆம் உறுப்புரையில் சுதந்திரம் இருக்கிறதே என்று உங்கள் சட்டப் பிரிவினர் சொல்லக்கூடும். அதே உறுப்புரையின் அடுத்த வரியையும் படிக்கும்படி கேட்கிறேன். இராணுவ நிலையங்களும் தீங்கான இடையூறைத் தடுக்கும் விதிகளை இயன்றவரை கடைப்பிடிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இயன்றவரை என்ற சொல் இருக்கிறது என்பதற்காகக் கேட்காமலே இருந்துவிடலாமா? ஒலிபரப்புக்கென்று ஒதுக்கப்பட்ட பட்டைகளுக்குள் இறங்காமல் இருப்பது, சிற்றலை முழுவதிலும் இடம் தேடக்கூடிய ஒரு ராடாருக்கு இயலாத காரியமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

இயலும் என்பதற்கு உதாரணம் கடலோரத்திலேயே இருக்கிறது. கடல் நீரோட்டத்தை அளக்கும் ராடார்களும் சிற்றலையில்தான் இயங்குகின்றன. இந்தியா தன் கரையில், தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலும் கடலூரிலும்கூட, அவற்றை நிறுவியிருக்கிறது. 2012ஆம் ஆண்டு அந்த ஒன்றியம் கூட்டிய உலக வானொலித் தொடர்பு மாநாடு அவ்வகை ராடார்களுக்கென்று குறுகிய பட்டைகளை ஒதுக்கியது. ஒவ்வொரு நிலையமும் தன் அழைப்புக் குறியீட்டை மோர்ஸ் ஒலியில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. ராடார் என்றாலே பெயர் சொல்லாமல் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது இயற்கை நியதி அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மறுபக்கம், சிற்றலை ஒலிபரப்பு நிலையம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் அக்டோபரிலும் மாறும் பருவ அட்டவணைக்காகத் தன் மீடிறனைப் பதிந்து, பிறரோடு பேசி, ஒத்துப்போய் ஒலிபரப்புகிறது. ஒழுங்காக வரிசையில் நிற்பவர்களைத் தள்ளிவிட்டு முகவரி இல்லாதவர் முன்னே போவதை நிர்வாகம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சிறிய நாடு கேட்டால் யார் செவிசாய்ப்பார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். ஜெர்மனியில் அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் கண்காணிப்பாளர்கள் ராடார் இடையூறைப் பதிவு செய்து தங்கள் நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் கொடுக்கிறார்கள். அந்த அமைப்பு சம்பந்தப்பட்ட நாட்டுக்கு முறைப்பாடு அனுப்புகிறது. எல்லா முறைப்பாட்டுக்கும் உடனே பலன் கிடைப்பதில்லை. ஆனால் பதிவு நிற்கிறது, அடுத்த மாநாட்டில் அது ஆதாரமாகிறது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி, நூறாண்டு கண்டிருக்கும் நாடு நம்முடையது. ஏக்கலையிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியைத் தெற்காசியா முழுவதும் காத்திருந்து கேட்டது. சிற்றலையைப் பற்றிப் பேச இந்த நாட்டுக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

ஆகவே நான் கேட்பவை இவை.

என் முறைப்பாட்டை மூடிய கோப்பிலிருந்து எடுத்து மீண்டும் திறக்க வேண்டும். அதற்கு ஒரு பதிவிலக்கம் தர வேண்டும். எனக்கு வந்த பதில் ஆங்கிலத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. மலையகத்து நேயர் எவரும் தமிழில், ஒரு சாதாரணப் படிவத்தில், நேரம், மீடிறன், இரைச்சலின் அகலம், ஒலிப்பதிவு ஆகியவற்றோடு முறைப்பாடு செய்யவும், தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்யுங்கள்.

உங்கள் கண்காணிப்பு வாகனம் ஒன்றை மலையகத்துக்கு அனுப்புங்கள். கொழும்பின் இரைச்சலுக்குள் நின்று சிற்றலையை அளந்தால் ஒன்றும் தெரியாது. மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, குறைந்தது ஒரு மாதம், 5900 முதல் 15800 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிபரப்புப் பட்டைகளை அளந்து, கண்டதை அப்படியே வெளியிடுங்கள். இடம் வேண்டுமானால் எங்கள் தோட்டத்துப் பாடசாலை மைதானத்துக்கு அனுமதி பெற நானே அலைந்து திரிகிறேன். என் குறிப்பேடுகளையும் ஒலிப்பதிவுகளையும் உங்கள் பொறியியலாளர்களிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

அந்த அளவீட்டை அடிப்படையாக வைத்து, பின்னிணைப்பு 10இன்படி முறைப்பாட்டை அனுப்புங்கள். மூலம் எந்த நாடு என்று அடையாளம் காண முடியாவிட்டால், அதைக் கண்டறிய ஒன்றியத்தின் வானொலித் தொடர்புப் பணியகத்தின் உதவியையும், இதே இடையூறை அனுபவிக்கும் அயல் நாடுகளின் கண்காணிப்பு நிலையங்களின் உதவியையும் கோருங்கள். அனுப்பிய முறைப்பாட்டின் பிரதியைப் பொதுமக்கள் பார்க்கும்படி வையுங்கள்.

2027ஆம் ஆண்டு நடைபெறவுள்ள உலக வானொலித் தொடர்பு மாநாட்டுக்குப் போகும் இலங்கைக் குழு, கடல் ராடார்களுக்கு விதித்ததைப் போலவே தொலைதூர ராடார்களுக்கும் அடையாள அறிவிப்பும் ஒலிபரப்புப் பட்டைகளுக்கு விலக்கும் வேண்டும் என்ற கோரிக்கையை அங்கே முன்வைக்க வேண்டும். அதற்கு முன்னதாக நேயர்கள், அமெச்சூர் வானொலியாளர்கள், மீனவர் சங்கங்கள், அனர்த்த முகாமைத்துவப் பணியாளர்கள் ஆகியோரை அழைத்து ஒரு கூட்டமாவது நடத்துங்கள். அதை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நடத்தினால் நாங்கள் நடந்தாவது வந்து சேருவோம்.

இந்த மடலுக்குப் பதிலாக, அளவீடு எந்தத் திகதியில் தொடங்கும், அதற்குப் பொறுப்பான அலுவலர் யார் என்ற இரண்டு விவரங்களையும் எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து ஒரு சிற்றலை நேயர்